மூன்று கீறல் ரொட்டி

ஏணியில் ஏறிப் பலகையை மாட்டியது பெயின்டர். கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் மேல தூக்குப்பா, தெருக்கோடியிலேர்ந்து தெரியணும்" என்று சொன்னது நான்.

நீலப் பலகை, வெள்ளை எழுத்து. மேலே 'முனுசாமி ரொட்டிக் கடை' என்று இருந்தது. அதற்குக் கீழே, கிட்டத்தட்ட அதே அளவில், 'ஹரிஜன நலத் திட்ட உதவியுடன் தொடங்கப்பட்டது' என்று இருந்தது. வாசகம் என்னுடையது. 'உதவியால்' என்று போடலாமா 'உதவியுடன்' என்று போடலாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்து எழுதியது.

உள்ளே முதல் அடுப்பு ரொட்டி வெந்துகொண்டிருந்தது. புதுப் பெயின்ட் வாசனையும் ரொட்டி வாசனையும் கலந்து வந்ததில் எனக்கு லேசாகத் தலை சுற்றியது. முனுசாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அண்ணாந்து பார்த்து, உதடு அசையப் படித்தார். இரண்டாவது வரிக்கு வந்ததும் உதடு நின்றுவிட்டது.

"அந்தக் கீழ் வரிய மட்டும் தனியா எழுதி உள்ள மாட்டிக்கலாமா முசியே?" என்று கேட்டார்.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிற யாரையும் புதுச்சேரியில் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். கொடி இறங்கிய பிறகும் அந்த வார்த்தை இறங்கவில்லை. நானும் கூப்பிடாதே என்று யாரிடமும் சொன்னதில்லை.

"ரூல் அப்படி" என்றேன்.

பொய். பலகை ஒன்று இருக்க வேண்டும் என்றுதான் உத்தரவில் இருந்தது. உள்ளேயா வெளியேயா, எத்தனை பெரிய எழுத்து என்று ஒன்றும் இல்லை. மறுநாள் டைரக்டர் வந்து ரிப்பன் வெட்டப் போகிறார், போட்டோக்காரர் வரப் போகிறார். அந்தப் போட்டோவில் என் வாசகம் விழ வேண்டும். இதுதான் ரூல்.

போன இதழில் என் பழைய நினைவுகளைப் படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 'அந்த நாளில் தாங்கள் ஏழை எளியவர்களைக் கைதூக்கி விட்ட அனுபவங்களையும் எழுதலாமே' என்கிறார். எழுதுகிறேன் ஐயா. படித்து முடித்த பிறகும் இந்த மரியாதை மிஞ்சுகிறதா பாருங்கள்.

பின்வாசல்

முனுசாமியை அன்றைக்கு நான் அவன் இவன் என்றுதான் சொன்னேன். என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவர். முகத்துக்கு நேரே நீ, வா, போ. இப்போது அவர் என்று எழுதுகிறேன். எழுதுவதற்குச் செலவில்லை.

எங்கள் ஊரில் ரொட்டி என்றால் வெள்ளைக்காரன் தின்பது மட்டும் இல்லை. காய்ச்சல்காரனுக்கு ரொட்டி, பிள்ளை பெற்றவளுக்கு ரொட்டி, மற்றவர்களுக்குக் காலைக் காபியில் தோய்க்க ரொட்டி. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே துரைமார் தெருக்களிலும் மேற்கே எங்கள் தெருக்களிலும் பெரும்பாலும் ஒரே கடை ரொட்டிதான் போகும். அந்தக் கடையைப் பெரிய கடை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். முதலாளியின் பேரப் பிள்ளைகள் நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். எனக்கு ஏன் வம்பு.

பெரிய கடை ரொட்டிக்கு ஒரு அடையாளம் உண்டு. மேல்தோலில் சாய்வாக மூன்று கீறல். அடுப்புக்குள் தள்ளுவதற்கு முன்னால் சவரக் கத்தியால் போடுகிற கீறல். வெந்ததும் அந்த இடம் பிளந்து, உதடு மாதிரி மடிந்து, பொன்னிறமாக நிற்கும். வேறு கடைகளில் ஒரு கீறல் போடுவார்கள், சிலர் இரண்டு. எங்கள் தெருப் பெண்கள் கூடைக்காரனைப் பார்த்து, "மூணு கீறல்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் ரொட்டியைத் தொடுவார்கள்.

அந்தக் கீறலைப் போட்டது முனுசாமியின் கை. மாவு பிசைந்ததும் அதே கை. கள் ஊற்றி அதைப் பொங்க வைத்ததும், விறகு தள்ளி அடுப்பைக் காய வைத்ததும் அவர்தான். பதினெட்டு வருஷம். சேரியிலிருந்து விடிகாலையில் வந்து, பின்சந்து வழியாக உள்ளே போய், அடுப்பு ஆறியதும் அதே சந்து வழியாக வெளியே போவார். முதலாளி முன்னால் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருப்பார். அடுப்பு அறைக்குள் அவர் போய் யாரும் பார்த்ததில்லை. அனல் ஒத்துக்கொள்ளாதாம்.

யார் கை என்று ஊருக்குத் தெரியாதா என்றால், தெரியும். கேட்டதில்லை, அவ்வளவுதான். கேட்காத வரைக்கும் ரொட்டி நன்றாக இருந்தது.

என் அப்பா அந்த ரொட்டியில் உயிர் வாழ்ந்தவர். சுங்க ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றதும் அவருக்கு வயிற்றுப் புண் வந்தது. சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். காலையில் அரை, சாயங்காலம் அரை. ரொட்டியைப் பிய்ப்பதற்கு முன்னால் அப்பா அந்த மூன்று கீறலையும் விரலால் ஒரு தடவை தடவிப் பார்ப்பார். ஆறு வருஷம் அப்படித்தான்.

கூடை, செருப்பு, பாய்

கொடி மாறி இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஆகியிருந்தது. பிரெஞ்சு படித்த என்னைப் போன்றவர்கள் இங்கிலீஷ் உத்தரவுகளை அகராதி வைத்துக்கொண்டு முழி பிதுங்கப் படித்த காலம். என்னை நலத்துறை ஆபீஸில் போட்டார்கள். சேரிக்காரர்கள் சொந்தத் தொழில் தொடங்க உதவி செய்வது எங்கள் வேலை.

என்ன தொழில்? எங்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. மூங்கில் கூடை, செருப்பு, கோரைப் பாய், பன்றி. யார் வந்து எதைக் கேட்டாலும் இந்த நாலில் ஒன்றை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு பையன் சைக்கிள் ரிப்பேர் கடை கேட்டான், நல்ல வேலைக்காரன். அவனுக்குக் கூடை பின்ன மூங்கில் கொடுத்து அனுப்பினோம். முன்னேற்றம் என்றால் அதே இடத்தில் கொஞ்சம் பெரிதாக உட்காருவது என்று யாரோ தீர்மானித்திருந்தார்கள்.

வெளியூரிலிருந்து புதிதாக வந்த டைரக்டர் நல்ல மனுஷர். புதிதாக ஏதாவது செய்து காட்டுங்கள் என்றார். எனக்கு முனுசாமி ஞாபகம் வந்தார்.

பெரிய கடையின் பின்சந்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். குனிந்துதான் நுழைய வேண்டும். முனுசாமி மாவுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, முழங்கை வரை மாவோடு நான் சொன்னதைக் கேட்டார். இரண்டு நாள் கழித்து மனைவி அஞ்சலையோடு ஆபீஸுக்கு வந்தார்.

அவர் கேட்டது ஒன்றுதான். "பதினெட்டு வருசமா பின்வாசல்ல பூந்து பின்வாசல்ல வர்றேன் முசியே. ஒரு நாளாவது முன்வாசல்ல உக்காந்து என் ரொட்டிய நான் விக்கணும். அது ஆவுமா?"

ஆகும் என்றேன். அதற்குத்தான் சர்க்கார் இருக்கிறது என்றேன்.

அஞ்சலைக்கு நம்பிக்கை இல்லை. உள்ளே பிசைகிறபோது யாரும் கேட்கவில்லை, கடை என்று வைத்தால் யார் கடை என்று கேட்பார்களே என்றாள். நான் சிரித்தேன். காலம் மாறிவிட்டது, நீ இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறாய் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. அந்த அறையில் நிலைமை தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

பெரிய கடை முதலாளி கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இல்லை. முனுசாமிக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்து அனுப்பி வைத்தார். என்னைத் தெருவில் பார்த்தபோது, "சுடத் தெரிஞ்சவனுக்கு விக்க வருமா முசியே? பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொறாமைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பலகையைப் படித்தவர்கள்

திறப்பு விழாவில் கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. டைரக்டர் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு, போட்டோக்காரர் சரி என்று சொல்லும் வரை மென்றார். நான் பேசினேன். 'கை ஒன்றுதான், ருசி ஒன்றுதான்' என்றெல்லாம் பேசினேன். கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் எங்கள் ஆபீஸ்காரர்கள்.

மறுநாள் காலையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். அடுக்கி வைத்திருந்த ரொட்டியில் மூன்று கீறலைப் பார்த்து முகம் மலர்ந்து ஒன்றை எடுத்தாள். எடுத்த கையோடு அண்ணாந்து பலகையைப் பார்த்தாள். படித்தாள். ரொட்டியை எடுத்த இடத்திலேயே, சத்தம் வராமல், திருப்பி வைத்துவிட்டுப் போனாள். நான் எதிர்சாரியில் சைக்கிளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தினமும் அதுதான். வாசனை இழுத்துக்கொண்டு வரும், பலகை திருப்பி அனுப்பும். தினம் ஒரு கூடை எடுத்துக்கொள்வதாக வாய் வார்த்தை கொடுத்திருந்த காபி ஓட்டல்காரர் ஆள் விட்டு வேண்டாம் என்றார். ஆலைச் சங்கு ஊதி ஷிப்ட் விடுகிற நேரத்தில் கொஞ்சம் விற்கும். தனியாக வருகிற தொழிலாளி வாங்குவான். நாலு பேராக வந்தால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நடந்துவிடுவார்கள்.

முனுசாமி ஆபீஸுக்கு வந்து இன்னொரு தடவை கேட்டார். பலகையை இறக்க வேண்டாம், அந்த வரி மீது ஒரு சாக்கையாவது தொங்கவிடட்டுமா என்று. போட்டோ போட்ட துண்டுப் பிரசுரம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். பிரசுரம் வந்தது. என் வாசகம் தெளிவாக விழுந்திருந்தது. அப்புறமும் பார்க்கவில்லை. சர்க்கார் பலகையில் சாக்கைத் தொங்கவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். நாற்காலி பயம் என்று அதற்குப் பெயர்.

என் வீட்டில்

ஊரைச் சொல்லிவிட்டு வீட்டைச் சொல்லாமல் விட்டால் நான் மகா யோக்கியன் ஆகிவிடுவேன்.

அம்மா கோயிலுக்குப் போகிற வழியில் பலகையைப் பார்த்திருக்கிறாள். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னாள். "உன் ஆபீஸ் வேலய நான் தப்பு சொல்லல. அந்த ரொட்டி மட்டும் நம்ம வூட்டுக்கு வேணாம்."

ஆறு வருஷமாக அந்த ரொட்டிதானே அம்மா வருகிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மேடையில் அத்தனை பேசினவன், சொந்த வீட்டு அடுக்களை வாசலில் நின்று, "சரிம்மா" என்றேன். சண்டை போட்டால் அப்பாவுக்கு ஆகாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் முனுசாமி முகத்தில் விழிக்க வேண்டுமே. தினமும் காலையில் ஆபீஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால் போய் இரண்டு ரொட்டி வாங்குவேன். வீட்டுக்குப் போகிற மாதிரி சைக்கிளைத் திருப்பி, இரண்டு தெரு தாண்டி வடக்கே விட்டு, கடலோரத்து வைத்திக்குப்பத்துக்குப் போவேன். மீன் கூடையோடு கிளம்பிக்கொண்டிருக்கிற பெண்களில் யாரிடமாவது, பிள்ளைகளுக்குக் கொடும்மா என்று கொடுத்துவிட்டு வருவேன். கை விட்டதும் மனசு லேசாகும். ஆதரவுக்கு ஆதரவும் ஆயிற்று, ஆசாரத்துக்கு ஆசாரமும் ஆயிற்று. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே ஒரு பெருமை.

வீட்டில் பெரிய கடை ரொட்டிதான் வந்தது. அங்கே அடுப்புக்குப் புது ஆள் போட்டிருந்தார்கள். மேல்தோல் கருகும், உள்ளே பச்சை மாவு ஒட்டும். பாலில் போட்டால் கூழாகும். கீறல் ஒன்றுதான், அதுவும் கோணல். அப்பா ரொட்டியைக் கையில் வாங்கி, விரலால் தடவி, தட்டில் வைப்பார்.

"பழைய ரொட்டி எங்கடா?" என்பார். இப்போ இப்படித்தான் வருதுப்பா என்பேன். அன்று காலை கையிலிருந்த பழைய ரொட்டியை அப்போதுதான் வைத்திக்குப்பத்தில் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

கீறாத ரொட்டி

அப்பா சாப்பாட்டை அறவே குறைத்துவிட்டார். கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒரு நாள் காலையில், மூன்று கீறல் ரொட்டி ஒரு வாய் கிடைத்தால் போதும் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது இப்ப வர்றதில்லீங்க" என்றாள். அவள் பொய் சொன்னாள் என்றால் நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ரொட்டியைக் காட்டிக் கொடுப்பது கீறல். கீறல் இல்லாவிட்டால் அது எந்தக் கடை ரொட்டி என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

கடைக்குப் போனேன். ஆள் இல்லை. முனுசாமி முன்வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஆசைப்பட்ட இடம். முன்னால் விற்காத ரொட்டி அடுக்கி இருந்தது. நான் குரலைத் தாழ்த்தி, நாளையிலிருந்து எனக்கு இரண்டு ரொட்டி கீறாமல் போட்டுக் கொடு என்றேன். அப்பாவுக்கு என்றேன்.

அவர் ரொட்டி மேல் உட்கார்ந்த ஈயை விரட்டினார்.

"கீறலன்னா ரொட்டி பக்கத்துல வெடிச்சிடும் முசியே. உள்ள இருக்குற காத்து எங்கயாவது வெளிய வரணும் இல்ல."

வெடித்தாலும் பரவாயில்லை என்றேன். ஒரு கீறலாவது போட்டுக் கொடு, மூன்று வேண்டாம் என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வைத்திக்குப்பத்துப் பொம்பளைங்க அஞ்சலைகிட்ட சொல்லிட்டாங்க. ஒரு முசியே தெனம் உங்க ரொட்டியத் தர்றாரு, நல்லாருக்குதுன்னு. ரெண்டு மாசமா எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன், புள்ளைங்க துண்ணுதுங்களேன்னு." ரொட்டி அடுக்கைக் கையால் காட்டினார். "பெரியவருக்கு வேணும்னா இப்பவே எடுத்துட்டுப் போங்க, காசு வேணாம். ஆனா மூணு கீறலோடதான் போவும்."

நான் ரொட்டியை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு, தெரு பார்க்க வீட்டு வாசலில் இறங்கி, அப்பா கையில் கொடுத்திருக்கலாம். அம்மா ஒரு நாள் அழுதிருப்பாள், இரண்டு நாள் பட்டினி கிடந்திருப்பாள். அதற்கு மேல் என்ன ஆகிவிடும்? வெறுங்கையோடு திரும்பினேன். அடுத்த நாளிலிருந்து அந்தத் தெரு வழியாகப் போகவே இல்லை. அந்த இரண்டு ரொட்டி வியாபாரமும் அவருக்குக் குறைந்தது.

அப்பா அந்த மழைக்காலம் தாண்டவில்லை. பால் மட்டும் குடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

திரும்பிய ருசி

கடை அதற்குப் பிறகு எத்தனை நாள் இருந்தது என்று சரியாக ஞாபகம் இல்லை. தட்டு, தொட்டி, தகரம் எல்லாவற்றையும் ஆபீஸ் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுப்பை எடுக்க முடியாது என்பதால் இடித்தார்கள். 'பயனாளிக்குத் தொழிலில் ஊக்கம் இல்லை' என்று கோப்பில் எழுத வேண்டி இருந்தது. எழுதினேன். அந்த வாசகமும் என்னுடையதுதான். அதற்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

முனுசாமி கடைசியாக ஆபீஸுக்கு வந்தபோது கையில் கோணிச் சாக்கு சுற்றிய ஒரு சாமான் இருந்தது. என் மேஜை மேல் வைத்தார். பலகை.

"எழுத்து உங்களுது முசியே. நீங்களே வெச்சிக்குங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அவர் பெரிய கடைக்கே திரும்பிப் போனார். முதலாளி ஒன்றும் பேசாமல் சேர்த்துக்கொண்டார் என்று ஊரே அவர் பெருந்தன்மையைப் புகழ்ந்தது. சம்பளத்தைக் குறைத்துத்தான் சேர்த்தார் என்று அஞ்சலை பிறகு யாரிடமோ சொல்லியிருக்கிறாள். பழைய பின்சந்து, பழைய மாவுத் தொட்டி.

அப்பாவுக்கு வருஷ திதி வந்தது. எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்துப் படைப்போம். வடை, பாயசம், அவர் போடுகிற மூக்குப் பொடி டப்பி. அம்மா கடைசியாக உள்ளே போய், காகிதத்தில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். பிரித்து இலை நடுவில் வைத்தாள்.

பெரிய கடை ரொட்டி. சாய்வாக மூன்று கீறல், பொன்னிறமாக உதடு மடிந்து.

"பழையபடி வர ஆரம்பிச்சிடுச்சுடா" என்றாள் அம்மா. முகமெல்லாம் சந்தோஷம். "உங்கப்பாவுக்குத்தான் குடுத்து வைக்கல."

கற்பூரம் காட்டினேன். விழுந்து கும்பிட்டேன். படையல் முடிந்ததும் அம்மா ரொட்டியைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.